தட்டினால் விட வேண்டும்

முதுகுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம் பார்த்துவிடுகிற டீச்சர் ஒருவர் இருந்தார். ஆனால் யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவரால் முடியாது. தெருமுக்கில் திரும்புகிற தேர் மாதிரி ஆளே மொத்தமாகத் திரும்ப வேண்டும்.

பேர் அமலோற்பவம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, நூல் மில் சங்கு கேட்கிற தூரத்தில், ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடமாகக் கணக்கு டீச்சர். பகலெல்லாம் கரும்பலகையில் தேற்றம். சாயங்காலம் கூடத்தில் மேட் விரித்து மல்யுத்தம். பயில்வான் வீட்டுப் பெண். அப்பாவின் கோதாவில் மண்ணைக் கிளறிப் போட்டே வளர்ந்தவர். புடவைக்கு அடியில் எப்போதும் டிராக் பேன்ட் போட்டிருப்பார். கடைசி மணி அடித்து முடிப்பதற்குள் டி-சர்ட்டும் விசிலுமாக மேட் ஓரத்தில் நிற்பார்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்குத் தூக்கிப் போடுகிற வித்தையைச் சொல்லிக்கொடுக்கும்போது தானே தப்பாக விழுந்தார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு தடவை இந்தக் கழுத்துல இழுப்பு விழுந்துச்சுன்னா, அதுக்குக் கீழ இருக்கிறது எதுவும் உங்க பேச்சைக் கேக்காதும்மா."

அன்றிலிருந்து கழுத்தில் ஒரு பட்டை. மேட்டில் ஏறுவதில்லை. ஓரத்தில் நின்று வாயால் சொல்வார். கையால் செய்து காட்ட மாரீஸ்வரி இருந்தாள்.

மாரீஸ்வரி அதே பள்ளியில் படித்தவள், அதே மேட்டில் புரண்டவள். மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கியவள். இருபத்து நாலு வயதில் அங்கேயே பகுதிநேர விளையாட்டு டீச்சராக வந்து சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு அவள் 'மாரி அக்கா'.

மேட்டில் ஏறுமுன் எல்லாரும் நகத்தைக் காட்ட வேண்டும். கம்மல், மூக்குத்தியெல்லாம் டீச்சருடைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போய்விட வேண்டும். இதிலெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் டீச்சர் விட்டுவிடுவார். விடாத சட்டம் ஒன்றே ஒன்று.

தட்டினால் விட வேண்டும்.

பிடியில் மாட்டியவள் தாங்க முடியாவிட்டால் உள்ளங்கையால் மேட்டில் ரெண்டு தட்டுத் தட்டுவாள். அந்த நொடியே பிடியை விட வேண்டும். ஜெயிக்கப்போகிற நொடியாக இருந்தாலும் சரி. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பு ரூபிணி இந்தச் சட்டத்தை வைத்துத்தான் பிழைப்பு நடத்தினாள்.

எந்தக் குரலும் அவள் தொண்டையில் வாடகையில்லாமல் குடியிருக்கும். வராந்தாவில் நின்று தலைமையாசிரியை குரலில், "யார்மா அது, ஷூ போடாம வந்தது?" என்பாள். ஒரு வரிசையே குனிந்து காலைப் பார்க்கும். கண்டக்டர் விசில், மில் சங்கு, அமலோற்பவம் டீச்சர் தேர் மாதிரி திரும்பி, "எவ அவ சிரிச்சது?" என்று கேட்பது, எல்லாம் அச்சு அசலாக வரும். டீச்சரே ஒருநாள் பின்னாலிருந்து அதைக் கேட்டுவிட்டு, "கழுத்து இன்னும் கொஞ்சம் வெறைப்பா இருக்கணும்" என்று திருத்திவிட்டுப் போனார்.

மேட்டிலும் அவள் நடிகைதான். பிடியில் மாட்டினால் போதும், முகத்தைக் கோணி, "ஐயோ ஆத்தா" என்று முனகி, தட் தட் என்று தட்டுவாள். பாவம் என்று விட்டால் அவ்வளவுதான். மறுநொடி எதிராளியின் ரெண்டு கணுக்காலும் அவள் கையில் இருக்கும். எதிராளி மல்லாக்கக் கிடப்பாள்.

மாரீஸ்வரியும் முதல் தடவை அப்படித்தான் மல்லாக்க விழுந்தாள். விழுந்தவள் கோபப்பட்டிருக்கலாம். வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"கெட்டிக்காரிடி நீ" என்றாள்.

அந்த மாதம் அமலோற்பவம் டீச்சருக்குப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ். சாயங்காலம் மேட் பக்கம் வரவில்லை. பொய்த் தட்டு ஒன்றிலிருந்து இருபதாயிற்று. ரூபிணி தட்டினாலே மற்ற பிள்ளைகள் சிரிக்கப் பழகிவிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாரீஸ்வரி புதுப் பூட்டு ஒன்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மண்டியிட்டிருப்பவளின் அக்குளுக்கடியில் பின்னாலிருந்து கையை நுழைத்து, பிடரியில் ஊன்றி, கழுத்தையும் தோளையும் ஒன்றாக மடக்குகிற பிடி.

"யாரு வர்றீங்க?"

"ம்மே" என்று ஆடு மாதிரி கத்திக்கொண்டே ரூபிணி வந்து மண்டியிட்டாள். "வெட்டுங்க அக்கா. மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு."

மாரீஸ்வரி பூட்டினாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"என் முழங்கையைப் பாருங்க. இது எறங்கவே கூடாது. அழுத்தம் பிடரியில இருக்கணும்."

தட், தட்.

"நடிக்கிறாக்கா!" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"எனக்குத் தெரியாதா? இன்னைக்கு நான் ஏமாற மாட்டேன்டி."

தட், தட், தட்.

"பாருங்கடி, எவ்வளவு தத்ரூபமா தட்டுறா!" என்று சொல்லிக்கொண்டே, முழங்கை இறங்கக் கூடாது என்பதைக் காட்டுவதற்காக, மாரீஸ்வரி இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

தட்.

அதற்கப்புறம் சத்தம் இல்லை.

பாடம் முடிந்ததும் பிடியை விட்டு, தன் கணுக்காலைக் காப்பாற்றிக்கொள்ளப் பின்னால் துள்ளிக் குதித்தாள் மாரீஸ்வரி. யாரும் அவள் காலுக்கு வரவில்லை. ரூபிணி குப்புறக் கிடந்தாள். பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா" என்றாள் ரூபிணி. "என் கை எங்க இருக்கு?"

தலைமையாசிரியை குரலும் இல்லை, கண்டக்டர் குரலும் இல்லை. அவளுடைய சொந்தக் குரல். அது இவ்வளவு சின்னக் குரல் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

இடது கை பிழிந்து போட்ட துணி மாதிரி உடம்புக்குக் கீழே கிடந்தது.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். விட்டார். விழுந்தது.

"நரம்பு இழுபட்டிருக்கு. வந்துரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன். பொறுத்துத்தான் பாக்கணும்."

ரூபிணியின் அம்மா பேச்சியம்மாள் மில்லிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. கத்துவாள் என்று மாரீஸ்வரி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சியம்மாள் அமலோற்பவம் டீச்சரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"புள்ள தட்டலையா டீச்சர்?"

"தட்டினா."

"தட்டினா விட்டுருவோம்னுதானே சொன்னீக? அதை நம்பித்தானே அனுப்புனேன்."

தூணுக்குப் பின்னால் நின்ற மாரீஸ்வரி அப்படியே பின்னுக்கு நடந்து, படியிறங்கி, பஸ் ஏறிவிட்டாள்.

அப்புறம் மூணு நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

பயம் அவள் கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பல் விளக்கினால் பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்ப்பாள். இவைதானே? சோற்றைப் பிசையும்போது கைக்கடியில் யாரோ தட் தட் என்று தட்டுகிற மாதிரி இருக்கும். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். அண்ணன் குழந்தை, ரெண்டு வயசு, "அத்தே, தூக்கு" என்று கையை நீட்டியது. மாரீஸ்வரி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"என்னடி, புள்ள ஒட்டுவாரொட்டியா?" என்றாள் அண்ணி.

"புள்ள இல்ல மதினி" என்றாள் மாரீஸ்வரி.

திங்கள்கிழமை காலையில் லெட்டர் எழுதினாள். இனி எந்தப் பிள்ளை மேலும் கை வைக்கப் போவதில்லை, தன்னை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும், இப்படிக்கு. மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

மேட் கிடக்கிற கூடம் காலியாக இருந்தது. டீச்சர் மட்டும் டெட்டால் தண்ணீரில் துணியை நனைத்து, மாப்புக்கட்டையால் மேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தை மடக்க முடியாததால் முதுகை நிமிர்த்தியபடியே துடைத்தார்.

"டீச்சர்."

"செருப்பைக் கழட்டிட்டு வா. இப்பத்தான் தொடச்சேன்."

லெட்டரை நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"தேதி போடல."

"டீச்சர்..."

"கடைசி வரியில 'இப்படிக்கு'க்குக் கீழ பேரும் இல்ல. யாரோ எழுதின லெட்டர் மாதிரி இருக்கு."

மாரீஸ்வரி நின்றுகொண்டே இருந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

"ரூபிணிக்கு..."

"விரல் இன்னும் அசையல. காலையில ஊசியால குத்திப் பார்த்தாங்க. குத்தினதே தெரியலைங்கிறா."

"ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. 'மாரி அக்காகிட்டச் சொல்லுங்க டீச்சர், அன்னைக்கு நான் நடிக்கல'ன்னா."

மாரீஸ்வரி மேட் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்கு முன்னாடி இருபது தடவை நடிச்சாளே டீச்சர்! இருபது தடவையும் இதே தட்டுத்தான். இதே சத்தம்தான். எது நெசம், எது நடிப்புன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்க முப்பத்தொரு வருஷமா எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதை மட்டும் சொல்லிருங்க. நான் போயிர்றேன்."

டீச்சர் மாப்புக்கட்டையைச் சுவரில் சாய்த்தார். கையைத் துடைத்தார். லெட்டரை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் வைத்தார்.

பிறகு கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். பர்ர்ர் என்று அது கழன்று வந்தது.

பட்டை இல்லாத அந்தக் கழுத்தை மாரீஸ்வரி ரெண்டு வருடமாகப் பார்த்ததில்லை. வெயில் படாமல் வெளுத்து, ஒல்லியாக, குழந்தைக் கழுத்து மாதிரி இருந்தது.

டீச்சர் மேட்டின் நடுவில் போய், புடவையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டார். ரெண்டு உள்ளங்கையையும் விரித்து மேட்டில் ஊன்றினார்.

"வா."

"எதுக்கு டீச்சர்?"

"வியாழக்கிழமை போட்ட பூட்டு. அதைப் போடு."

"விளையாடாதீங்க டீச்சர். எந்திரிங்க."

"கேள்வி கேட்டேல்ல?"

"எனக்குப் பதிலே வேண்டாம். டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்கும் தெரியும். பக்கத்துல நின்னு நானும்தான் கேட்டேன்."

"நானும் கேட்டேன். என் கழுத்தைப் பத்தித்தான் சொன்னாரு. வா."

"முடியாது டீச்சர்."

"மாரி, எனக்கு முட்டி வலிக்குது. எவ்வளவு நேரம் ஆடு மாதிரி நிக்கிறது?"

ஆடு என்றதும் மாரீஸ்வரிக்கு ரூபிணியின் 'ம்மே' காதில் கேட்டது. அவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள். செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அப்படியே மண்டியிட்டிருந்தார். அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. அவள் போய்விட்டாளா, இருக்கிறாளா என்றுகூட அவருக்குத் தெரியாது. அப்படியும் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

மாரீஸ்வரி திரும்பி வந்தாள்.

பின்னால் மண்டியிட்டாள். அக்குளுக்கடியில் கையை நுழைத்தாள். பிடரியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தாள், அவ்வளவுதான்.

"இது பூட்டா? தலையில எண்ணெய் தேய்க்கிறியா?"

"டீச்சர், வேண்டாம் டீச்சர்."

"முழங்கை எறங்குது. ஏத்து."

ஏற்றினாள். தோளெலும்பு அவள் கையில் நகர்ந்தது.

"இன்னும்."

"நீங்க தட்டுங்க. வலிச்சா உடனே தட்டிரணும். சரியா?"

டீச்சர் பதில் சொல்லவில்லை.

மாரீஸ்வரியின் கண் டீச்சருடைய வலது உள்ளங்கையிலேயே நின்றது. சாக்பீஸ் தூள் படிந்த ஐந்து விரல்கள். மேட்டில் விரிந்து கிடந்தன. இப்போது தட்டும், இதோ தட்டிவிடும் என்று பார்த்தாள். முழங்கை அரை அங்குலம் ஏறியது. கை தட்டவில்லை. இன்னும் ஒரு நூல் அளவு ஏறியது. கை தட்டவில்லை. பக்கத்து அறையிலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. அந்தக் கை அசையாமல் கிடந்தது.

ஏன் தட்ட மாட்டேன் என்கிறார்?

தட்ட முடியவில்லையா?

அந்த நினைப்பு வந்ததும் மாரீஸ்வரியின் கண் கையை விட்டுவிட்டது. அப்போதுதான் அவள் கைக்குள் ஒரு கழுத்து இருப்பது அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கைக்கடியில் சின்னச் சின்ன எலும்புகள், கோத்த மணி மாதிரி. மணிக்கட்டுக்கடியில் ஒரு நரம்பு, பிடிபட்ட ஓணான் மாதிரி துடித்தது. மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. காதுக்குப் பின்னால் வியர்வை ஒரு சொட்டு திரண்டு நின்றது.

அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் விழுந்தாள்.

டீச்சர் மெதுவாக முன்னால் சரிந்து, குப்புறப் படுத்தார். அசையவில்லை.

"டீச்சர்."

பன்னிரண்டு ஒன்பது நூற்றெட்டு.

"டீச்சர்! ஐயோ, டீச்சர்! டீச்சர்!"

தவழ்ந்து போனாள். தொடப் போனவள் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். தொட்டுத்தானே இப்படி? உதவிக்கு யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட வாயைத் திறந்தாள்.

"கத்தாதே" என்றார் டீச்சர், மேட்டில் முகத்தை வைத்தபடியே. "அடுத்த ரூம்ல வாய்ப்பாடு தப்பாப் போயிரும்."

ஒரு காலை நீட்டினார். அப்புறம் இன்னொரு காலை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று கணக்குச் சரிபார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஆள் மொத்தமாக அவள் பக்கம் திரும்பினார்.

"நான் தட்டவே இல்லையே மாரி."

"இல்ல டீச்சர்."

"அப்புறம் எதுக்கு விட்ட?"

"பயந்துட்டேன் டீச்சர்."

டீச்சர் பட்டையை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். அழுத்தி ஒட்டினார்.

"வியாழக்கிழமை?"

வியாழக்கிழமை கூடமெல்லாம் சிரிப்பாக இருந்தது. மாரீஸ்வரியும்தான் சிரித்தாள். "அன்னைக்குப் பயமே இல்ல டீச்சர்" என்றாள். தலை குனிந்தாள்.

"இனிமே அந்தப் பயம் இருக்கும்" என்றார் டீச்சர். "ஆஸ்பத்திரியில அஞ்சு மணிக்கு உள்ள விடுவாங்க, போயிட்டு வா. நாளைக்குச் சாயங்காலம் புள்ளைங்க வந்துருவாங்க. பூட்டு சொல்லிக்குடுக்க ஆள் வேணும்."